முட்டைக்கோஸ் நட்ட சக்கரவர்த்தி

ஸ்பிளிட் நகரத்துக் காய்கறிச் சந்தையில் என்னை 'பார்பா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். குரோஷியாவின் கடற்கரைப் பகுதியான டால்மேஷியாவில், வயதான ஆண்களை மரியாதையும் உரிமையும் கலந்து அழைக்கும் சொல் அது. நம் ஊர்ப் 'பெரியவரே'வுக்கும் 'மாமா'வுக்கும் நடுவில் வைக்கலாம்.

என் பேத்திக்கு ஐந்து வயது. அவள் 'தாத்தா' என்று கத்தினால் சந்தையில் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அந்த ஊர் மொழியில் 'தாத்தா' என்றால் அப்பா. எழுபது வயதில் ஐந்து வயதுக் குழந்தையா என்று கீரை விற்கும் அம்மாள் முதல் நாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். மகள் விளக்கிச் சொன்ன பிறகு அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கடைக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். அன்றிலிருந்து நான் அங்கே தெரிந்த முகம். கீரை வாங்கினால் ஒரு கொத்து பார்ஸ்லி கொசுறாகக் கிடைக்கும், மன்னார்குடியில் கறிவேப்பிலை கிடைப்பது போல.

வருஷத்தில் மூன்று மாதம் மகள் வீட்டில் இருக்கிறேன். விசா அவ்வளவுதான் அனுமதிக்கிறது. இது மூன்றாவது வருகை. காலையில் சந்தை, பிறகு பேத்தியைப் பள்ளியில் விடுவது, பிறகு கடற்கரையோரம் 'ரீவா' எனப்படும் நடைபாதையில் ஒரு சுற்று. அங்கே ஒரு கோப்பை காபியை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்கலாம், யாரும் எழுந்து போ என்று சொல்வதில்லை. எதற்கும் 'போலாக்கோ' என்பார்கள், மெதுவாக என்று அர்த்தம். நம்மைப் போலவே அவர்களுக்கும் காற்று பட்டால் உடம்புக்கு ஆகாது. ஈரத் தலையோடு ஜன்னல் அருகே நின்றால் தெரியாதவர்கள்கூடத் திட்டுவார்கள். என் அம்மாவே அங்கே மறுபிறவி எடுத்துவிட்டாரோ என்று தோன்றும்.

கீரைக்கார அம்மாளிடம் 'ராஷ்டிகா' என்று ஒன்று கிடைக்கும். முட்டைக்கோஸ் வகைதான், ஆனால் உருண்டு திரளாமல் இலை இலையாக நிற்கும். ஒரு நாள் அதை என் பையில் போட்டுவிட்டு, எதிரே இருந்த பெரிய கல் மதிலைக் காட்டி, "அவர் போட்ட முட்டைக்கோஸ் இதுதான்" என்று சிரித்தார். மகள் மொழிபெயர்த்தாள். யார் அந்த அவர் என்று கேட்டேன். "சக்கரவர்த்திப்பா. டயோக்ளீஷியன். அதோ அதுதான் அவர் ரிட்டையர் ஆகிக் கட்டிக்கிட்ட வீடு" என்றாள்.

ரிட்டையர் ஆன சக்கரவர்த்தி என்றதும் எனக்கு ஆர்வம் வந்துவிட்டது. ராஜாக்கள் சாவார்கள், தோற்பார்கள், துரத்தப்படுவார்கள். வயதாகிவிட்டது, போதும் என்று வீட்டுக்குப் போன ராஜாவை நான் கேள்விப்பட்டதில்லை. அன்று முதல் மகள் வீட்டு மேஜையில் என் வேலையே இவரைப் பற்றிப் படிப்பதுதான்.

டயோக்ளீஷியன் ஸ்பிளிட்டுக்குப் பக்கத்தில் இருந்த சலோனா நகரத்துப் பகுதிக்காரர். எளிய குடும்பம். விடுதலை பெற்ற அடிமையின் மகன் என்றும் எழுதியிருக்கிறார்கள். படையில் சேர்ந்து மேலே வந்து, கி.பி. 284இல் ரோமாபுரிச் சக்கரவர்த்தி ஆனார். அதற்கு முந்தைய ஐம்பது ஆண்டுகளில் இருபதுக்கும் மேற்பட்ட சக்கரவர்த்திகள் வந்து போயிருந்தார்கள். பெரும்பாலோர் வெட்டுப்பட்டுச் செத்தவர்கள். இவர் இருபது ஆண்டுகள் நின்று ஆண்டார்.

நான் வருவாய்த் துறையில் முப்பத்திரண்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன். அதில் சில ஆண்டுகள் வட்ட வழங்கல் அலுவலர். அதனால் இவருடைய போர்களைவிட இவர் நடத்திய நிர்வாகம்தான் எனக்குச் சுவையாக இருந்தது. சுமார் ஐம்பதாக இருந்த மாகாணங்களைப் பிரித்து நூறளவுக்குக் கொண்டுபோனார். அவற்றைப் பன்னிரண்டு தொகுதிகளாகச் சேர்த்தார். அந்தத் தொகுதிக்கு 'டயோசிஸ்' என்று பெயர். பின்னாளில் கிறிஸ்தவத் திருச்சபை அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது. நம் ஊரில் 'தஞ்சை மறைமாவட்டம்' என்று எழுதுகிறோமே, அந்த மறைமாவட்டம்தான். கிறிஸ்தவர்களைக் கொடுமையாக வேட்டையாடியவர் வைத்த நிர்வாகப் பிரிவின் பெயரில் இன்றைக்கு ஆயர்கள் இருக்கிறார்கள்.

நிலத்தையும் ஆள் தலையையும் கணக்கெடுத்து வரி போட்டார். அதில் எங்கள் ஜமாபந்தி வாசனை அடித்தது. 301ஆம் ஆண்டில் விலைவாசி ஏறியபோது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களுக்கும் கூலிகளுக்கும் உச்ச விலை நிர்ணயித்து ஆணை போட்டார். அதைக் கல்லில் வெட்டி ஊர் ஊராக நாட்டினார்கள். முடி வெட்ட 2 தினார். விவசாயக் கூலிக்குச் சாப்பாட்டோடு நாளுக்கு 25 தினார். மீறினால் மரண தண்டனை. என்ன ஆயிற்று? சரக்கு கடையிலிருந்து மறைந்துவிட்டது. நான் சிரித்துவிட்டேன். விலைப் பட்டியல் போர்டு எழுதி வைத்த மறுநாளே மண்ணெண்ணெய் காணாமல் போன கதை எனக்குத் தெரியாதா? 1700 ஆண்டுக்கு முந்தைய ஒரு சக அலுவலரைப் பார்த்தது போல இருந்தது.

ஆனால் 303இல் போட்ட ஆணைகளைப் படித்தபோது அந்தச் சிரிப்பு போய்விட்டது. தேவாலயங்களை இடிக்கவும், வேத நூல்களை எரிக்கவும், பிறகு குருமார்களைப் பிடிக்கவும் உத்தரவுகள். தன் சொந்த ஊர்ப்பக்கமான சலோனாவையும் அவர் விடவில்லை. அங்கே ஆயராக இருந்த டோம்னியுஸ் 304இல் கொல்லப்பட்டார். அந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

'பதவியில் இருக்கும்போதே வீட்டைக் கட்டிவிட வேண்டும், அப்புறம் செங்கல்கூட வராது' என்று எங்கள் அலுவலகத்தில் சொல்வார்கள். டயோக்ளீஷியனும் அப்படித்தான் செய்தார். பதவியில் இருக்கும்போதே, சலோனாவுக்கு ஒன்றரை மணி நேர நடைதூரத்தில், கடலை ஒட்டி அரண்மனை கட்ட ஆரம்பித்தார். எதிரே உள்ள பிராச் தீவிலிருந்து வெள்ளைக் கல். எகிப்திலிருந்து கருங்கல் ஸ்பிங்ஸ் சிலைகள். யாத்ரோ என்ற ஆற்றின் ஊற்றுக்கண்ணிலிருந்து ஒன்பது கிலோமீட்டருக்குக் கல் வாய்க்கால். அதே ஊற்றிலிருந்துதான் ஸ்பிளிட் நகரம் இன்றைக்கும் தண்ணீர் குடிக்கிறது. அரண்மனையின் நீளம் சுமார் 215 மீட்டர், அகலம் சுமார் 180 மீட்டர். பழக்க தோஷத்தில் கணக்குப் போட்டேன்: ஒன்பதரை ஏக்கர் வருகிறது. தஞ்சாவூர்க் கணக்கில் ஒன்றரை வேலிக்குச் சற்றுக் குறைவு. உள்ளேயே தனக்கு எட்டுப் பட்டையில் ஒரு கல்லறை மண்டபமும் கட்டி வைத்துக்கொண்டார்.

305 மே 1. இன்றைய துருக்கியில் இருக்கும் நிக்கோமீடியா என்ற ஊருக்கு வெளியே ஒரு மேட்டில் படைகளைக் கூட்டினார். அதற்கு முந்தைய ஆண்டு பிழைப்பாரா என்று சந்தேகப்படும் அளவுக்கு நோயில் கிடந்து எழுந்தவர். உடம்பு தளர்ந்துவிட்டது, இளையவர்களிடம் பொறுப்பைக் கொடுக்கிறேன் என்றார். தான் போட்டிருந்த ஊதா அங்கியைக் கழற்றினார். ரோமாபுரியில் ஊதா அங்கிதான் அதிகாரம். அதைப் புதிதாகப் பதவியேற்ற மாக்ஸிமினஸ் டயா என்பவரின் தோளில் தன் கையாலேயே போர்த்தினார். பிறகு ஒரு வண்டியில் ஏறி ஊரைக் கடந்து, பிறந்த மண்ணுக்குப் புறப்பட்டுவிட்டார். நேரில் பார்த்தவர் போல இதை எழுதி வைத்தவர் லாக்டான்ஷியஸ் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர். டயோக்ளீஷியன் மேல் தீராத கோபம் கொண்டவர் அவர்.

நான் 2012இல் ஓய்வு பெற்றேன். மாலை, மோதிரம், ஜீப்பில் வீடு வரை ஊர்வலம் எல்லாம் ஆயிற்று. மறுநாள் காலை ஒன்பதரைக்குச் சட்டை மாட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். ஜீப் வராது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் உட்கார்ந்திருந்தேன். என் மனைவி உள்ளேயிருந்து, "கொல்லையில வாழைக்குத் தண்ணி பாய்ச்சணும், வரீங்களா?" என்று கேட்டாள். எழுந்து போனேன். அவளுக்கு என்னைப் புரிந்திருந்தது.

டயோக்ளீஷியனும் கொல்லைக்குத்தான் போனார். மூன்று ஆண்டுகள் கழித்து, 308இல், அவர் விட்டுப்போன ஆட்சியில் குழப்பம் முற்றியது. திரும்பி வாருங்கள் என்று பழைய கூட்டாளிகள் கேட்டார்கள். சலோனாவில் என் கையால் நட்ட காய்கறிகளைப் பார்த்தால் இப்படிக் கேட்கமாட்டீர்கள் என்ற பொருளில் அவர் பதில் சொல்லி அனுப்பினார். அந்தக் காய்கறிதான் முட்டைக்கோஸ் என்று உலகம் முழுக்கச் சொல்கிறார்கள். பதவி ஆசை இல்லாத மனிதர், நிறைவாக வாழ்ந்தார் என்று கதையை அங்கே முடித்துவிடுகிறார்கள். ஓய்வு பெற்றவர்களுக்கான கூட்டங்களில் சொல்வதற்கு நல்ல கதை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அவருக்கு ஒரு மகள் இருந்தாள், வலேரியா. கலேரியஸ் என்ற சக்கரவர்த்திக்குக் கட்டிக் கொடுத்திருந்தார். 311இல் கலேரியஸ் இறந்தார். விதவையான வலேரியா, தாய் பிரிஸ்காவோடு, கிழக்கே ஆண்ட மாக்ஸிமினஸ் டயாவின் எல்லைக்குள் போனாள். டயா அவளை மணக்கக் கேட்டான். அவள் மறுத்தாள். சொத்தைப் பறித்து, தாயையும் மகளையும் சிரியாவின் பாலைவனப் பக்கத்துக்கு நாடு கடத்தினான். அவள் எப்படியோ தகப்பனுக்குச் செய்தி அனுப்பிவிட்டாள்.

தகப்பன் ஆள் அனுப்பினார். மகளை என்னிடம் அனுப்பிவிடுங்கள் என்று கேட்டார். பதில் இல்லை. மறுபடி அனுப்பினார். கடைசியில் படையில் செல்வாக்குள்ள உறவினர் ஒருவரை அனுப்பி, முன்பு செய்த நன்மைகளை நினைவுபடுத்தச் சொன்னார். அவரும் வெறும் கையோடு திரும்பினார். கேட்டது யாரிடம்? தன் அங்கியைக் கழற்றித் தன் கையாலேயே போர்த்திவிட்டாரே, அதே டயாவிடம்.

இதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

2020 மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை. நாடு முழுக்க மக்கள் ஊரடங்கு. மனைவி போய் இரண்டு வருஷம் ஆகியிருந்தது, மன்னார்குடி வீட்டில் நான் ஒண்டி. மகள் அப்போது குரோஷியாவின் தலைநகர் ஜாக்ரெபில், பத்து மாதக் குழந்தையோடு இருந்தாள். மாப்பிள்ளைக்குக் கப்பல் வேலை. எங்கேயோ நடுக்கடலில் இருந்தார். காலை பதினொரு மணி வாக்கில் அவளிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி: 'பூகம்பம். வெளியே நிற்கிறோம்.' அங்கே அப்போது காலை ஆறரை. ரிக்டர் அளவில் 5.5. பழைய கட்டடங்களின் புகைபோக்கிகள் தெருவில் விழுந்தன. பேராலயத்துக் கோபுரத்தின் நுனி முறிந்தது. அவள் குடியிருந்ததும் பழைய கட்டடம்தான். அதற்கு மேல் செய்தி இல்லை. போன் போகவில்லை.

வெளிநாட்டு விமானங்கள் நிறுத்தப்பட்டிருந்தன. நான் என்ன செய்தேன் தெரியுமா? நோட்டுப் புத்தகத்தை எடுத்து, பழைய மேலதிகாரிகளையும் எனக்குக் கீழே வேலை பார்த்து மேலே போனவர்களையும் வரிசையாகக் கூப்பிட்டேன். ஒருவர் எடுக்கவில்லை. ஒருவர், "சார், நிலைமை தெரியுமில்ல" என்றார். நான் கைபிடித்து வேலை கற்றுக்கொடுத்த ஒருவர், மீட்டிங்கில் இருக்கிறேன் என்று வைத்துவிட்டார். அவர்கள் மேல் தப்பில்லை. அவர்களால் என்ன செய்ய முடியும்? ஆனால் ஏதோ ஒரு போனில் ஏதோ ஒன்று நடக்கும் என்று நான் நம்பினேன். ஓய்வு பெற்று எட்டு வருஷம் ஆகியும் அந்த நம்பிக்கை உள்ளே உட்கார்ந்திருந்தது. சாயங்காலம் ஐந்து மணிக்குத் தெருவே வாசலில் நின்று தட்டைத் தட்டியது. நான் போனைக் கையில் பிடித்தபடி அந்தச் சத்தத்துக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

ஆறு மணிக்கு மகள் பேசினாள். குழந்தையைப் போர்வையில் சுற்றிக்கொண்டு செருப்புகூட இல்லாமல் இறங்கி ஓடியிருக்கிறாள். கடுங்குளிர். யாரும் யாரையும் நெருங்கக் கூடாது என்று நோய்க் கட்டுப்பாடு வேறு. இரண்டாவது மாடியில் இருந்த ஒரு வயதான அம்மாள், மாடிப்படியில் பார்த்தால் தலையசைப்பதைத் தவிரப் பழக்கம் இல்லாதவர், தன் கார்க் கதவைத் திறந்து, உள்ளே வா என்று கை காட்டியிருக்கிறார். தன் காலுறையைக் கழற்றிக் கொடுத்திருக்கிறார். அன்று முழுக்க அந்தக் காரில்தான் என் மகளும் பேத்தியும் இருந்தார்கள்.

என் மகள் பிழைத்தாள். வலேரியாவுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. டயா செத்த பிறகும் அவளுக்கு விடிவு வரவில்லை. அடுத்து வந்தவனுக்குப் பயந்து, தாயும் மகளும் சாதாரணப் பெண்களைப் போல உடுத்திக்கொண்டு பதினைந்து மாதம் ஊர் ஊராக அலைந்தார்கள். தெசலோனிக்கா நகரத்தில் அடையாளம் கண்டு பிடித்து, தலையை வெட்டி, உடல்களைக் கடலில் எறிந்தார்கள். தன் மகளைக் காக்க முடியாமலேயே சக்கரவர்த்தி செத்துப்போனார். அந்த முட்டைக்கோஸ் கதையை இனிமேல் என்னால் நிறைவு என்று படிக்க முடியவில்லை. கடைசி நாள்களில் அவருக்குச் செய்வதற்கு வேறென்ன இருந்திருக்கும்?

அந்த ஒன்பதரை ஏக்கர் என்ன ஆயிற்று? அதுதான் எனக்கு ஆறுதலாக இருந்தது. ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அவார்களும் ஸ்லாவியர்களும் வந்து சலோனாவை அழித்தார்கள். நகரத்து மக்கள் முதலில் தீவுகளுக்கு ஓடினார்கள். பிறகு திரும்பி வந்து, கெட்டியான மதில் இருக்கிறதே என்று இந்த அரண்மனைக்குள் குடிபுகுந்தார்கள். தூணுக்கும் தூணுக்கும் நடுவே சுவர் எழுப்பினார்கள். கூடங்களைத் தெருவாக்கினார்கள். தரையில் ஓட்டை போட்டுக் கீழே நிலவறைகளில் குப்பையைக் கொட்டினார்கள். குப்பை நிரம்பிக் கெட்டித்ததால்தான் அந்த நிலவறைகள் இடியாமல் தப்பின. 1950களில் தோண்டி எடுக்க ஆரம்பித்தபோது அவை முழுசாக இருந்தன. மேலே அழிந்துபோன சக்கரவர்த்தியின் அறைகள் எப்படி இருந்தன என்பது கீழே இருந்த அந்த அமைப்பை வைத்துத்தான் தெரிந்தது.

கல்லறை மண்டபத்தில் சக்கரவர்த்தியின் சவப்பெட்டி இல்லை. அது எப்போதோ காணாமல் போயிற்று. மண்டபம் தேவாலயமாகிவிட்டது. யார் பெயரில் என்று நினைக்கிறீர்கள்? முன்பே சொன்ன ஆயர் டோம்னியுஸ். ஊர்க்காரர்கள் அவரை 'ஸ்வேத்தி டுயே' என்கிறார்கள். மே 7ஆம் தேதி அவருக்குத் திருவிழா, ரீவாவில் ஊர்வலம் வரும். கொன்றவரின் சமாதியில் கொல்லப்பட்டவர் குடியிருக்கிறார். உள்ளே மேலே பார்த்தால், சக்கரவர்த்தியும் பிரிஸ்காவும் என்று கருதப்படும் இரண்டு கல் முகங்கள் வட்டச் சட்டத்துக்குள் அப்படியே இருக்கின்றன. நான் அந்தப் பெண் முகத்தையே அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அரண்மனைக்குள் இன்றைக்கும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். 1979இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த இடம். அங்கே ரோமானிய வளைவுக்குக் கீழே கொடியில் பனியன் காய்கிறது. யாரோ மீன் பொரிக்கும் வாசனை வருகிறது. சலோனாவையும் போய்ப் பார்த்தேன். டவுன் பஸ்ஸில் போகலாம். யாரும் குடியேறாத அந்தப் பெரிய நகரம் புல் முளைத்த அடித்தளக் கற்களாகக் கிடக்கிறது. பேத்தி அதில் ஓடி விளையாடினாள். குடியிருந்தவர்கள் இருந்ததால் அரண்மனை நின்றது என்று எனக்குத் தோன்றியது.

மன்னார்குடியில் என் வீட்டு மாடிப் போர்ஷன் மனைவி போனதிலிருந்து பூட்டிக் கிடக்கிறது. மகள் வந்தால் தங்க வேண்டும் என்று பெருக்கித் துடைத்து வைத்திருக்கிறேன். ஆறு வருஷத்தில் அவள் தங்கியது மொத்தம் முப்பது நாள் இருக்காது. வெளியூரிலிருந்து வந்து மருத்துவமனையில் வேலை பார்க்கும் இரண்டு நர்ஸ் பெண்கள் வாடகைக்குக் கேட்டார்கள். நான்தான் போன வருஷம் மறுத்துவிட்டேன்.

கிளம்புவதற்கு முந்தின ராத்திரி மகளிடம் இதைச் சொன்னேன். "மாடியை அந்தப் பிள்ளைகளுக்கு விட்டுடலாம்னு இருக்கேன். நீ வந்தா கீழே என்கூட இருந்துக்கலாம், இல்லையா?" என்றேன். அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அவங்களுக்கு ராத்திரி டியூட்டி இருக்கும்ப்பா. வாசல் லைட்டை அணைச்சுடாதீங்க" என்றாள்.

மறுநாள் காலை சந்தைக்குப் போய்க் கீரைக்கார அம்மாளிடம் சொல்லிக்கொண்டேன். ஒரு சிறு பொட்டலத்தில் ராஷ்டிகா விதை கட்டிக் கொடுத்தார். நம் வெயிலுக்கு அது வராது. இருந்தாலும் மார்கழியில் கொல்லையில் போட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறேன்.